கஷ்டகாலத்தில் விசுவாசத்தை விடாமல் இருப்பது எப்படி? கடலூர், புதுச்சேரிப் பக்கத்துப் புது விசுவாசிகளுக்கு

ஞானஸ்நானம் எடுத்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. அதற்குள் வீட்டில் ஒரு சாவு விழுகிறது. அல்லது வேலை போகிறது, அல்லது டாக்டர் ஸ்கேன் ரிப்போர்ட்டில் பேனாவால் ஒரு வட்டம் போட்டுக் காட்டுகிறார். சொந்தக்காரர்கள் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்: "சாமி மாறினதாலதான் இப்படி ஆச்சு." சபைக்குப் போனால் அங்கே இன்னொரு தீர்ப்பு: "விசுவாசம் பத்தல, இன்னும் ஜெபம் பண்ணுங்க." இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பரம்பரைக் கிறிஸ்தவர்களும் படிக்கலாம். முதல் பெரிய அடி விழும்போது அவர்களும் புதியவர்கள்தான்.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் லுத்தரன் சபைக்காரன். ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்குத் தலைமையிடமே கடலூர் என்பதால் இந்த ஊரில் எங்களுக்குப் பஞ்சமில்லை. ஆகவே என் வார்த்தைகள் அந்தப் பக்கத்து வார்த்தைகளாக இருக்கும். நான் சங்கீதம் என்று சொல்வதைக் கத்தோலிக்கர்கள் திருப்பாடல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மற்றபடி, கஷ்டத்தில் இருக்கிறவருக்கு எந்தச் சபை என்பது பெரிய விஷயமில்லை.

முதலில் சாப்பாடு, தூக்கம், மாத்திரை

விசுவாசத்தைப் பற்றிய கட்டுரையில் இதை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எலியா வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். தேவதூதன் வந்து அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கின்றன. சாப்பிடுகிறார், மறுபடியும் தூங்குகிறார். தூதன் இரண்டாம் தரமும் வந்து தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். கடவுளோடு பேச்சுவார்த்தை அதற்கெல்லாம் பிறகுதான்.

அதனால் முதல் வாரத்தில் பெரிய ஆவிக்குரிய தீர்மானம் எதுவும் வேண்டாம். மூன்று வேளை இல்லாவிட்டாலும் இரண்டு வேளையாவது சாப்பிடுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை நிறுத்தாதீர்கள். உபவாசம் இருக்க வேண்டும் என்று தோன்றினால், சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். "மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு விசுவாசத்தோடு வா" என்று யாராவது சொன்னால், சொல்கிறவர் எவ்வளவு பெரிய ஊழியக்காரராக இருந்தாலும் சரி, அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். இதில் நான் எந்தச் சமரசமும் செய்துகொள்வதில்லை. லூக்கா ஒரு வைத்தியர் என்று பவுலே எழுதியிருக்கிறார்.

தூக்கமே வராமல் போனால், சாக வேண்டும் என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வந்தால், ஜெபத்தோடு சேர்த்து 14416 என்ற எண்ணுக்கும் போன் செய்யுங்கள். அது அரசாங்கத்தின் டெலி மானஸ் மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம். எலியாவுக்கு வந்த எண்ணம் உங்களுக்கு வந்தால் அது பாவமா என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு ஆள் இருக்கட்டும், அதுதான் அவசரம்.

கடவுளிடம் பொய் சொல்லாதீர்கள்

புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். மனசு கொதித்துக்கொண்டிருக்கும், வாய் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சொல்லும். கோபத்தைக் காட்டினால் கடவுள் தண்டிப்பார் என்ற பயம். கொஞ்ச நாளில் அந்த ஜெபம் நடிப்பாகிவிடும், அப்புறம் நடிப்பு அலுத்துப்போய் ஜெபமே நின்றுவிடும். நான் பார்த்தவரை, விசுவாசம் போவது பெரும்பாலும் இந்த வழியில்தான். கடவுளோடு சண்டை போட்டவர்கள் யாரும் போனதாக எனக்கு நினைவில்லை. பேசுவதை நிறுத்தியவர்கள்தான் போனார்கள்.

வேதாகமம் இந்த விஷயத்தில் நம் சபைகளைவிட வெளிப்படையானது. மொத்தம் 150 சங்கீதங்கள். அதில் அழுகையும் முறையீடும் கொண்டவை மிக அதிகம். யோபு கத்துகிறார். எரேமியா தான் பிறந்த நாளையே சபிக்கிறார். சங்கீதம் 88 என்று ஒன்று இருக்கிறது. மற்ற முறையீட்டுச் சங்கீதங்கள் பெரும்பாலும் எப்படியாவது கடைசியில் ஒரு நம்பிக்கை வார்த்தைக்கு வந்து சேரும். இது வராது. சிநேகிதனையும் தோழனையும் தூரமாக்கிவிட்டீர் என்று சொல்லி அப்படியே நின்றுவிடும். அதையும் எடுத்துவிடாமல் வேதாகமத்தில் வைத்திருக்கிறார்கள். சிலுவையில் இயேசு சொன்னதே ஒரு முறையீட்டுச் சங்கீதத்தின் முதல் வரிதான்: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்." சங்கீதம் 22.

சரி, நடைமுறையில் எப்படிச் செய்வது? சங்கீதம் 13இல் தொடங்குங்கள். மொத்தமே 6 வசனம். முதல் இரண்டு வசனத்தில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு தடவை வரும். அடுத்த இரண்டில் வேண்டுதல். கடைசி இரண்டில் நம்பிக்கை. ஒரு முறை சத்தமாகப் படியுங்கள். மனசுக்குள் படித்தால் போதாது, வாயைத் திறந்து படிக்க வேண்டும். பிறகு அதே வடிவத்தில் உங்கள் சங்கதியைப் போடுங்கள். இப்படி:

"ஆண்டவரே, எதுவரைக்கும்? வெள்ளிக்கிழமை குழுக்கடன் தவணை. கையில் நானூறு ரூபாய்தான் இருக்கிறது. எதுவரைக்கும்? அம்மா ராத்திரியெல்லாம் இருமுகிறாள், ஆஸ்பத்திரியில் அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். எதுவரைக்கும்? உம்மை நம்பி வந்தேன், என் அண்ணன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். வெள்ளிக்கிழமைக்கு ஒரு வழி காட்டும். அம்மா இன்றைக்கு ஒரு ராத்திரியாவது தூங்கட்டும்."

கடைசி இரண்டு வசனத்துக்கு இணையாக எதுவும் வாயில் வரவில்லையா? விட்டுவிடுங்கள், ஆமென் சொல்லிவிட்டு எழுந்திருங்கள். வராத நன்றியை இழுத்துவர வேண்டாம். நாளைக்கு மறுபடியும் அதே சங்கீதம். 13 பழகியபின் 42, 77, பிறகு 22. எல்லாம் இருண்டுபோன நாளுக்கு 88. புலம்பல் புத்தகம் 5 அதிகாரம்தான், ஒரு வாரத்தில் படித்துவிடலாம். ஆனால் தனியாகப் படிக்காதீர்கள், கனமான புத்தகம்.

"ஏன் எனக்கு?"

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. தேவனாம்பட்டினத்திலும் சோனங்குப்பத்திலும் அலை ஏறிய அதே காலையில், வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்த யாத்திரிகர்களும் செத்தார்கள். எந்தச் சாமியைக் கும்பிட்டவர் என்று அலை கேட்கவில்லை. அதற்குப் பிறகும் "இது இன்னாருடைய பாவத்தால் வந்தது" என்று மேடையில் பேசியவர்கள் எல்லா மதத்திலும் இருந்தார்கள்.

இயேசுவிடமே இந்தக் கேள்வி வந்திருக்கிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று அவரே சொல்கிறார் (லூக்கா 13). பிறவிக் குருடனைப் பார்த்து, இவன் பாவம் செய்தானா, பெற்றவர்கள் செய்தார்களா என்று சீஷர்கள் கேட்டபோதும் அதே பதில்தான் (யோவான் 9). உங்கள் வீட்டுத் துக்கத்துக்குக் கணக்குப் பார்க்க வருகிறவர்களிடம் இந்த இரண்டு இடத்தையும் காட்டலாம். காட்டினாலும் கேட்பார்களா என்பது வேறு விஷயம்.

"சாமி மாறினதாலதான்" என்று சொல்லும் சொந்தக்காரர்கள் விஷயம் கொஞ்சம் வேறு. அவர்கள் பெரும்பாலும் கோபத்தில் சொல்வதில்லை, பயத்தில் சொல்கிறார்கள். உங்களுக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி வண்டி எடுத்துக்கொண்டு ஓடி வருகிறவர்களும் அவர்கள்தான். விவாதம் பண்ணாதீர்கள். "மாமா, கஷ்டம் எல்லார் வீட்டுக்கும் வருது, நீங்க கூட இருங்க, அது போதும்" என்று சொல்லிவிட்டு அவர் கொண்டுவந்த சாப்பாட்டை வாங்கிச் சாப்பிடுங்கள். உதவியை மதம் பார்த்துத் தள்ளினால் அவர்கள் சொன்னதை நீங்களே நிரூபித்த மாதிரி ஆகிவிடும்.

பத்து நிமிடம் போதும்

கஷ்டகாலத்தில் அதிகமாக ஜெபிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் குறைவாக, ஆனால் ஒரே நேரத்தில் என்று சொல்வேன். காலையில் டீக்கு முன் பத்து நிமிடம்: ஒரு சங்கீதம், உங்கள் வார்த்தையில் சில வரி, பரமண்டல ஜெபம். அவ்வளவுதான். மூன்று மணி நேர முழங்கால் ஜெபம் இரண்டு நாள் நடக்கும், மூன்றாம் நாள் குற்ற உணர்ச்சிதான் மிஞ்சும்.

ஆஸ்பத்திரி வாசம் என்றால் வேறு மாதிரி. ஜிப்மரில் ஓ.பி. வரிசையில் விடிகாலையிலிருந்து நின்றவர்களுக்குத் தெரியும், அங்கே நேரம் இருக்கிறது, மனசுதான் இல்லை. சட்டைப்பையில் அடங்கும் புதிய ஏற்பாடு கிடைக்கும், சங்கீதமும் நீதிமொழிகளும் சேர்த்துத் தைத்தது. அதை ஃபைலோடு வைத்துக்கொள்ளுங்கள். போனிலும் படிக்கலாம், ஆனால் போனைத் திறந்தால் வாட்ஸ்அப்பில் போய்த்தான் நிற்கும், அதுவும் உங்களுக்குத் தெரியும்.

வீட்டில் அமைதியே இல்லை என்றால் ஒரு கோவிலில் போய் உட்காருங்கள். புதுச்சேரியில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே தூய இருதய ஆண்டவர் பசிலிக்கா இருக்கிறது. மிஷன் வீதியில் சம்பா கோவில். கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்று யாரும் அடையாள அட்டை கேட்கப்போவதில்லை. பூசை நடக்காத நேரத்தில் பின்வரிசையில் உட்கார்ந்தால் யாரும் வந்து விசாரிக்க மாட்டார்கள். சில நாட்களில் யாரும் விசாரிக்காமல் இருப்பதே பெரிய உதவி.

ஆட்களைத் தேடுங்கள்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். துக்கத்தில் தனியாக இருந்து விசுவாசத்தைக் காப்பாற்றியவர் என்று நான் யாரையும் பார்த்ததில்லை. உங்களுக்கு வேண்டியது இரண்டே பேர். சபை முழுவதும் வேண்டாம்.

யாரைத் தேர்ந்தெடுப்பது? நீங்கள் பேசும்போது குறுக்கே வசனம் சொல்லாதவரை. யோபுவின் சிநேகிதர்களைத் திட்டுவது வழக்கம், ஆனால் முதல் ஏழு நாள் அவர்கள் நல்ல சிநேகிதர்கள்தான். ஏழு பகலும் ஏழு இரவும் தரையில் கூடவே உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறந்த பிறகுதான் வினை. அந்த ஏழு நாள் மாதிரி உட்காரத் தெரிந்தவரைப் பிடியுங்கள். பெரும்பாலும் அது மைக் பிடிக்கிறவராக இருக்காது. ஆராதனை முடிந்ததும் பாய் சுருட்டுகிற அக்காவாகவோ, சைக்கிளுக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு கடைசியாகக் கிளம்புகிற பெரியவராகவோ இருக்கும்.

யாரைத் தவிர்ப்பது? ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஊர்க்கதை சேகரிக்கிறவர்களை. "ஜெபத்துக்காகத்தான் கேட்கிறேன், என்ன ஆச்சு உங்க வீட்டுக்காரருக்கு?" என்று ஆரம்பித்தாலே உஷார். நீங்கள் சொன்னது மஞ்சக்குப்பத்திலிருந்து முதுநகர் போய்ச் சேர அரை மணி நேரம் ஆகாது.

பிறகு, உதவி கேட்கும்போது "எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்பதோடு நிறுத்தாதீர்கள். அதைக் கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார், அவர் மேலும் தப்பில்லை. குறிப்பாகக் கேளுங்கள். "செவ்வாய்க்கிழமை ராத்திரி வார்டில் அம்மாகூடத் தங்க ஒரு ஆள் வேணும்." "பிள்ளைகளை ஸ்கூலிலிருந்து கூட்டிவர ரெண்டு நாளைக்கு ஆள் வேணும்." "இந்த வாரம் அரிசி இல்லை." ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்துகொள்ளுங்கள் என்று கலாத்தியருக்கு எழுதியபோது பவுல் எதை நினைத்தாரோ தெரியாது, கடலூரில் அதற்கு அர்த்தம் ராத்திரி வார்டில் ஒரு ஆள்.

கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியக் கூட்டம், அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் சிறு கூட்டம், வீடு வீடாக நடக்கும். பல பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறது, ஏழைக் குடும்பங்களை நேரில் போய்ப் பார்த்து உதவுவதுதான் அவர்கள் வேலை. பங்குத்தந்தையிடம் கேட்டால் சொல்வார். எங்கள் சபைகளில் வீட்டு ஜெபக்கூட்டமும் பெண்கள் ஐக்கியமும். கேட்க வெட்கமாகத்தான் இருக்கும். கேட்ட பிறகு அவ்வளவு இருக்காது.

பணம், பொருத்தனை, யாத்திரை

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடன் வாங்கிக் காணிக்கை போடாதீர்கள். "ஐயாயிரம் விதைத்தால் ஐம்பதாயிரம் அறுப்பாய்" என்று யார் சொன்னாலும் அது வியாபாரம், அதிலும் நஷ்டம் உங்களுக்கு மட்டும்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கரையில் நிற்கும்போது வட்டிக்கு வாங்கித் தசமபாகம் கட்டின வீடுகளை எனக்குத் தெரியும். வருமானமே இல்லாத மாதத்தில் பத்தில் ஒரு பங்கு என்றால் பூஜ்யம்தான், கணக்கு அவ்வளவு எளிது.

யாத்திரை போகலாம். வில்லியனூர் லூர்து அன்னை கோவில் புதுச்சேரியிலிருந்து டவுன் பஸ் தூரம். விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் கட்டிய பெரியநாயகி அன்னை கோவில் இருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள் இந்த வழியாகத்தான் போவார்கள். கூட்டத்தோடு நடப்பதில் ஒரு ஆறுதல் இருக்கிறது, லுத்தரனாக இருந்தாலும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "நடந்தால் மகனுக்கு வேலை கிடைக்க வேண்டும்" என்று பேரம் பேசிக்கொண்டு போகாதீர்கள். கிடைக்காவிட்டால் காலும் வலிக்கும், மனசும் உடையும்.

டிசம்பர் மாதத்துக்கு முன்பே திட்டம் போடுங்கள்

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. நம் கரையில் கிறிஸ்துமஸ் காலமும் புயல் காலமும் ஒன்று. தானே புயல் 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மறுநாள் ராத்திரி புத்தாண்டு ஆராதனைக்கு ஊரில் கரண்ட் இல்லை. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையேறியபோது, ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. விடிந்தால் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அடுத்த சில நாளில் தென்பெண்ணைத் தண்ணீர் கடலூர்த் தெருக்களில். ஆகவே பழைய இழப்பு எதுவாக இருந்தாலும், மழை சத்தம் கேட்டாலே இங்கே பலருக்கு அது திரும்பி வரும்.

வீட்டில் சாவு நடந்த முதல் வருடம் என்றால் ஸ்டார் கட்ட வேண்டாம், புதுத்துணி வேண்டாம், கேக் வாங்கவும் வேண்டாம். யாரும் கேட்டால் "இந்த வருஷம் வேண்டாம்னு இருக்கோம்" என்று சொன்னால் போதும். ஆனால் ஆராதனைக்குப் போங்கள். பின்வரிசையில், கதவுப் பக்கம் உட்காருங்கள், அழுகை வந்தால் வெளியே வர வசதியாக இருக்கும். பாட்டுப் பாட முடியாவிட்டால் மற்றவர்கள் பாடட்டும், நீங்கள் நின்றால் போதும். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு வீட்டில் முன்பே சொல்லிவையுங்கள். அன்றைக்கு மதியம் இரண்டு மணிக்கு மேல் இருக்கிற தனிமை மோசமானது.

ஒன்றுமே தோன்றாத நாட்கள்

சில மாதம் கழித்து அழுகைகூட நின்றுவிடும். ஜெபம் மேல்கூரையைத் தாண்டாத மாதிரி இருக்கும். விசுவாசம் போய்விட்டதோ என்று பயப்படுவீர்கள். மாற்கு 9இல் நோயாளி மகனைக் கூட்டிவந்த ஒரு தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறான். முதலில் அவிசுவாசத்தைச் சரிசெய்துகொண்டு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. மகன் குணமானான். அந்த ஒரு வரி மட்டுமே ஒரு நாளின் முழு ஜெபமாக இருக்கலாம். பத்து நிமிடத்தை விடாதீர்கள், உணர்ச்சி வருகிறதா என்று பார்க்காதீர்கள்.

எவ்வளவு நாள் என்று கேட்பீர்கள். சொல்ல முடியாது, சிலருக்கு வருடக்கணக்கு. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை இடித்துத் தரைமட்டமாக்கியபோது சம்பா கோவில் இருக்கும் இடத்தில் முன்பிருந்த கோவிலும் போனது. இப்போது இருப்பது கட்டி முடிய 1791 ஆனது. முப்பது வருடம். நடுவில் அந்த ஊர்க் கிறிஸ்தவர்கள் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள், கல்யாணம் பண்ணினார்கள், செத்தவர்களை அடக்கம் செய்தார்கள்.

சாட்சி சொல்லக் கூப்பிட்டால்

கஷ்டம் கொஞ்சம் தணிந்ததும் சபையில் எழுந்து சாட்சி சொல்லச் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். இன்னும் தயாரில்லை என்று சொன்னால் நல்ல போதகர் புரிந்துகொள்வார். சொல்வதென்றால் ஐந்து நிமிடத்துக்குள் முடியுங்கள். ராத்திரி வார்டில் தங்கியவர், அரிசி கொண்டுவந்தவர் என்று ஆட்களின் உதவியைச் சொல்லுங்கள், அவர்கள் சம்மதித்தால் பெயரோடு. தீராததையும் சொல்லுங்கள். அம்மா பிழைக்கவில்லை என்றால் பிழைக்கவில்லை என்றே சொல்லுங்கள். கடன் இன்னும் பாதி நிற்கிறது என்றால் அதையும். அதைக் கேட்டுவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும் இடத்தில் யாராவது உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு "எங்க வீட்லயும்..." என்று ஆரம்பிப்பார்கள். அவர் பேசி முடிக்கும்வரை வசனம் எதுவும் சொல்லாதீர்கள்.